டீசல் பங்கும் ரோசியோட காலும்

குதிரை நம்மள இழுத்த காலத்துல புல்லு தேடினோம்; குதிரையை நாம இழுக்கிற காலத்துல டீசல் தேடுறோம். மலை ரோட்டுல டீசல் முள்ளையே பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போன டிரைவர்மாருக்கு நான் பட்ட பாடு விளங்கும்.

நுவரெலியாவுல ஒரு தொரையோட குதிரை லாயத்துல நான் டிரைவர். வண்டிக்குக் கிழமைக்கு இத்தனை லீட்டர்தான்னு டீசல் அளந்து குடுத்த காலம் அது. ரோசிங்கிற பொட்டைக் குதிரைக்கு முன்னங்கால் வீங்கிருச்சு. நாலு வாரம், கிழமைக்கு ஒருக்கா கண்டிப் பக்கம் மிருக டாக்டர்கிட்ட கொண்டுபோகணும். அவர் மலையேறி வர அவருக்கும் டீசல் இல்ல. டபுள் கெப் வண்டியில குதிரை ட்ரெய்லரைக் கட்டும்போது தொரை வந்து சொன்னாரு: "கிழமைப் பங்குக்குள்ள போயிட்டு வந்துரணும். டீசல் முடிஞ்சு ரோட்டுல நிக்கிறேன்னு போன் வந்த அன்னைக்கே இவள வித்துருவேன்."

தண்ணிக் கேன்

மொதக் கிழமை திரும்பி வாறப்போ லாயத்து வாசல்லயே எஞ்சின் இருமிருச்சு. எனக்கு உசுரே இல்ல. மறுநாள் ட்ரெய்லரைக் கழுவப் போனா, உள்ளுக்கு ரெண்டு பெரிய கேன் நிறையத் தண்ணி, மூணு நாளைக்குக் காணுற புல்லுக்கட்டு. எல்லாம் ரோசியைப் பாத்துக்கிற செபமாலை அண்ணன் ஏத்தினது. ரோசி குடிச்சதோ ரம்பொடையில ரோட்டோரம் கொட்டுற பீலித் தண்ணி. கேனை மலையிறக்கி, திரும்ப மலையேத்திக் கொண்டாந்திருக்கோம்.

"அண்ணே, வழி நெடுகத் தண்ணி கொட்டுதே, கண்ணுக்குத் தெரியலையா?"ன்னு கேட்டேன். அவர் நிதானமாச் சொன்னாரு: "தெரிஞ்சிச்சு தம்பி. அது சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு உள்ள தண்ணின்னு நெனச்சேன்."

முனி கோயில்

செங்குத்தான ஏத்தத்துல, சரியா நடுவுல, ஒரு முனியாண்டி கோயில். எந்த வண்டியும் நின்னு சூடம் கொளுத்திட்டுத்தான் ஏறும். ட்ரெய்லரோட அங்க நின்னு திரும்ப எடுத்தா வண்டி மடக்கு மடக்குன்னு டீசல் குடிக்கும். அதனால ரெண்டாங் கிழமை கீழ போறப்பவே நிப்பாட்டி, ஏத்தத்துக்கும் சேத்துக் கும்புட்டுக்கலாம்னேன். செபமாலை அண்ணன் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போறவர். ஆனா என்னைவிட அவருக்குத்தான் பயம். சாமிகிட்டப் போய் இப்பிடிக் கணக்குப் பாக்குறியேன்னு ஏசினாரு.

பூசாரிகிட்டயே கேட்டுட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்ல. "விளக்குக்கு எண்ணெய் கெடைக்காம முனியே ஒருநேரப் பூசையிலதான் இருக்காரு. சேத்தே கும்புடுங்க."

காண் பக்கம்

அப்பவும் டீசல் இழுத்துப் பறிச்சுத்தான் எட்டிச்சு. மூணாங் கிழமை புசல்லாவையில டீ குடிக்க நின்னோம். கடைக்கார முஸ்லிம் அண்ணன், நாங்க நானான்னு கூப்பிடுறவர், ட்ரெய்லரைச் சுத்தி வந்தாரு. அவர் காட்டின பொறகுதான் விளங்குச்சு: ரெண்டு குதிரை நிக்கிற ட்ரெய்லர்ல ரோசியை இடது பக்கமாக் கட்டியிருந்தோம். ரோடு சரியிறதும் அந்தப் பக்கந்தான். வண்டி ரோட்டோரத் தண்ணிக் காணுக்குள்ள போகப் பாக்க, நான் ஸ்டேரிங்கோட மல்லுக்கட்ட, டீசல் அதுலயே கரைஞ்சிருக்கு.

ரோசியை வலது பக்கம் மாத்தினோம். திடீர்னு பிரேக் அடிச்சா காலை உதைப்பா. பதமா ஓட்டினா சத்தமே வராது. உதை வராம ஓட்டினேன், முள்ளும் மெதுவா எறங்குச்சு. மாத்திக் கட்டும்போது நானா சொன்னது இன்னும் காதுல இருக்கு: "லொறியில ஏத்துற முட்டைக்கோவா மூட்டை வாயத் தொறந்து சொல்லாது தம்பி. குதிரை சொல்லும், கேட்டு ஓட்டுங்க."

கடைசி ஏத்தம்

நாலாங் கிழமை டாக்டர் காலுல போட்டிருந்த கட்டை அவுத்துட்டு, கால் நல்லாயிருச்சு, இனி தினம் கொஞ்சம் மெதுவா நடத்துங்கன்னாரு. சந்தோசத்தோட திரும்பினா, பாதை வேலைன்னு எங்களை வேற ரோட்டுல சுத்த விட்டாங்க. கடைசி ஏத்தத்துக்கு அடியில வரும்போது முள்ளு தரையில. ஏத்தத்துக்கு மேலதான் லாயம். போனைக் கையில எடுத்துட்டேன். எனக்கு அழுகையே வந்துருச்சு.

செபமாலை அண்ணன் ட்ரெய்லர் கதவைத் தொறந்து ரோசியை எறக்கினாரு. பாரம் கொறைஞ்ச வண்டி முக்கி முனகி ஏறுச்சு. கொழுந்து எடுத்த பொம்பளைங்க நிமுந்து பாத்தாங்க. வெறும் ட்ரெய்லரைக் கண்டதும் வாசல்ல நின்ன தொரைக்கு மொகம் வெளுத்துப்போச்சு. கொஞ்ச நேரத்துல செபமாலை அண்ணன் மெதுவா நடத்திவர ரோசி வந்தா. நொண்டல் இல்ல.

தொரை அவ முன்னங்காலைத் தடவிப் பாத்தாரு. அப்பறம் என் பக்கம் திரும்பினாரு: "போன் வரலையே டிரைவர். இனி எதச் சொல்லி நான் இவள விக்கிறது?"

நாலு கிழமையா நான் படிச்ச டீசல் மிச்சம் பிடிக்கிற வித்தையிலயே பெரிசு, குதிரை ட்ரெய்லரைக் குதிரை இல்லாம ஓட்டுறதுதானுங்க.