விடுங்கோ என்றால் எதை?

திங்கட்கிழமை அக்கா கிளிவெட்டிப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகக் கடமையேற்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போனால் முதல் மணிக்குப் போய்ச் சேர ஏலாது. காரில் போகலாம் என்றால், அந்தப் பழைய காரின் ஸ்டீரிங்கைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும். ஸ்டீரிங் எண்ணெய் கறுத்துவிட்டது, ஞாயிறே மாற்றித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். போனில் ஒரு வீடியோவை ஒன்பது தரம் பார்த்ததுதான் என் படிப்பு.

முன்சில்லு இரண்டையும் ஜாக்கியால் தூக்கி, கட்டை கொடுத்து, கார் ஆடுகிறதா என்று நாலு தரம் தள்ளிப் பார்த்தேன். ஐந்தாவது தரமும் தள்ளச் சொன்னார் அத்தான், சிரிக்காமல். ஸ்டீரிங் எண்ணெய் நிற்கும் சின்ன டாங்கிக்கு எண்ணெய் திரும்பி வரும் குழாயைக் கழற்றி, டாங்கியில் அது இருந்த துவாரத்தை அடைத்து, குழாயின் வாயை ஒரு வெற்றுப் போத்தலுக்குள் வைத்தேன். அக்கா எஞ்சினை ஓட்டி ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் திருப்பத் திருப்பப் பழையது வெளியே விழும். அத்தான் மேலே புதியதை ஊற்றிக்கொண்டேயிருக்க வேண்டும். டாங்கி வற்றினால் பம்ப் காற்றைக் குடித்துச் செத்துப்போகும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல, அக்கா காதைப் பொத்திக்கொண்டாள்.

காருக்கு அடியில் போத்தலைப் பிடித்தபடி கிடந்தேன். தார் மாதிரி எண்ணெய் வந்தது. "விடுங்கோ" என்று கத்தினேன். அத்தான் எண்ணெயை விட்டார். அக்கா ஸ்டீரிங்கை விட்டாள். சில்லு அசையாமல் நிற்பதைக் கண்டு, "விடாதேங்கோ, விடாதேங்கோ" என்றேன். அக்கா ஸ்டீரிங்கை எட்டிப் பிடித்தாள். அத்தான் ஊற்றுவதை நிறுத்தினார்.

பம்ப் ஊளையிட்டது. எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கத்திக் குழறினேன். டாங்கி காய்ந்துவிட்டதாம். பம்ப் போச்சு, அக்காவின் முதல் நாளும் போச்சு. வெளியே வரப் பயந்து அங்கேயே கிடந்தேன்.

"நீதானே விடச் சொன்னனி," என்றாள் அக்கா.

"விடாதேங்கோ எண்டும் அவன்தான் சொன்னவன்," என்றார் அத்தான்.

"அது உங்களுக்கில்லை அத்தான், அக்காவுக்கு."

"அப்ப எனக்கு எது தம்பி?"

அக்கா ஸ்டீரிங்கில் தலையைப் போட்டுச் சிரித்தாள். அவள் நெற்றி பட்டு ஹோர்ன் அலற, நான் திடுக்கிட்டு எழும்பி பம்பரில் முட்டிக்கொண்டேன். அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து அத்தான் நிலத்தில் குந்திவிட்டார்.

பிறகு அத்தானுக்கு "ஊத்துங்கோ", அக்காவுக்கு "திருப்புங்கோ" என்று பிரித்துக்கொண்டோம். எண்ணெய் நல்ல சிவப்பாய் வந்ததும் குழாயை மாட்டினேன். எஞ்சினை ஓட்டாமலே அக்கா ஸ்டீரிங்கை ஆட்ட, டாங்கியில் சோடா மாதிரிக் குமிழி கிளம்பியது. குமிழி அடங்க அடங்க அத்தான் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். கடைசியில் எஞ்சினை ஓட்டச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். ஊளை இல்லை. முனகல்கூட இல்லை.

காரைக் கட்டையிலிருந்து இறக்கியதும் அக்கா அதை வீதிக்கு எடுத்தாள். நடுவில் வழமைபோல, ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று படுத்திருந்தது. ஹோர்ன் அடித்தாலும் எழும்பாத சாதி அது. அக்கா ஒரு கையால் திருப்பி அதைச் சுற்றிப் போனாள். திரும்பி வந்து, ஒற்றை விரலை எங்களுக்குக் காட்டிவிட்டு, அந்த விரலாலேயே இன்னொரு தரம் சுற்றினாள். மான் காதைக்கூட அசைக்கவில்லை.

நாளைக்கு வழியில் ஸ்டீரிங் இறுகினால் பிடிக்க, முன் சீற்றில் காவலுக்குப் போக நான் சட்டை எல்லாம் ஸ்திரி போட்டு வைத்திருந்தேன்.

"நீ வர வேண்டாம் தம்பி," என்றாள் அக்கா, கண்ணாடியை இறக்கி. "உன்ர முகத்தைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்."

ஓம் என்றேன். இனி ஸ்டீரிங்குக்கு ஒற்றை ஆளே போதும் என்பதில் எனக்குச் சந்தோசம். அத்தான் பின்கதவைத் திறந்தார். எண்ணெய்க் கையோடு நானும் ஏறிக்கொண்டேன், உப்புவெளிப் பக்கம் ஒரு சுற்றுப் போய்வர.