மூன்றாம் எண் கணினியின் ஐந்து நிமிடம்

மின்சாரமே இல்லாமல் ஒரு கணினித் திரை ஐந்து நிமிடம் எரியுமா?

எரிந்தது. ஒரு நாள் இல்லை, ஒன்பது நாள். நானும் பார்த்தேன், உடன் வேலை பார்க்கும் வெள்ளைச்சாமியும் பார்த்தார். கீழே வரும் தேதிகளையும் மணியையும் அன்றன்றைக்கே குறித்து வைத்திருக்கிறேன். ஞாபகத்திலிருந்து எழுதவில்லை.

மந்தைவெளியில் ஒரு கிளை நூலகத்தில் நான் நூலகர். பெயர் கல்யாணராமன். மாடியில் வேலை தேடுவோருக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. போட்டித் தேர்வுப் புத்தகங்கள், வேலைவாய்ப்பு அறிவிப்புகளை ஒட்டும் பலகை, நான்கு கணினிகள். வீட்டில் கணினி இல்லாதவர்கள் இங்கே வந்து இலவசமாக விண்ணப்பம் போடலாம். வந்த நேரத்தையும் போன நேரத்தையும் பதிவேட்டில் அவர்களே எழுத வேண்டும். இரவு ஏழரைக்கு மெயின் ஸ்விட்சை நான் அணைப்பேன்.

யுபிஎஸ் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் ஏன் பயந்தேன் என்று புரியும். அது ஒரு பெட்டி. உள்ளே பேட்டரி. மின்சாரம் போனதும் பேட்டரி கணினிக்கு உயிர் கொடுக்கும், பீப் பீப் என்று கத்தும். பேட்டரி பழசானால் கத்தக்கூட நேரமில்லாமல் எல்லாம் அணைந்துவிடும். எங்கள் யுபிஎஸ் பேட்டரிகள் செத்து இரண்டு வருடம் ஆகிறது. அதனால் நான் மெயினை அணைத்தால் நான்கு திரையும் அந்தக் கணமே இருண்டுவிடும்.

ஜூலை 8. சுவர்க் கடிகாரத்தில் 7.30. மெயினை அணைத்தேன். மூன்று திரைகள் இருண்டன. மூன்றாம் எண் திரை மட்டும் எரிந்தது. வெள்ளையாக ஒரு விண்ணப்பப் படிவம். எல்லாக் கட்டமும் காலி.

7.35க்கு அணைந்தது.

பேட்டரியில் மிச்சம் ஏதோ இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 9. பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு மெயினை அணைத்தேன். எரிந்தது. 7.30 முதல் 7.35 வரை.

பீப்... பீப்... பீப்...

பேட்டரி இல்லாத பெட்டி கத்தியது.

ஜூலை 10. திரையின் வயரையே உருவிக் கையில் பிடித்துக்கொண்டேன். வெள்ளைச்சாமி மெயினை அணைத்தார். திரை எரிந்தது. அவர் என் கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"சார், வயரு உங்க கையிலதான இருக்கு?"

"ஆமா."

"அப்ப அது எதுல எரியுது?"

நான் வயரைக் கீழே போட்டேன்.

"எனக்கு ஓய்வுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு சார். அதுக்கப்புறம் உங்க பாடு" என்றார். சிரித்தார். ஆனால் மாடிப்படியில் எனக்கு முன்னால் இறங்கிவிட்டார்.

ஜூலை 11 வெள்ளி, விடுமுறை. ஜூலை 12 அன்று படிவத்தில் முதல் கட்டம் நிரம்பியிருந்தது.

பெயர்: ஷ்ரேயா.

ஷ்ரேயா என் மகள். கல்லூரி இரண்டாம் வருடம். இந்தக் கணினியை அவள் தொட்டதே இல்லை.

13 அன்று தந்தை பெயர். என் பெயர். 14 அன்று முகவரி. எங்கள் வீடு. 15 அன்று பிறந்த தேதி. சரியான தேதி.

16 அன்று புகைப்படம். அன்று காலை அவள் போட்டுக்கொண்டு போன அதே மஞ்சள் சுடிதார். ஆனால் தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன.

17 அன்று கடைசிக் கட்டம்.

கடைசித் தேதி: ஜூலை 19. நேரம்: 7.25.

விண்ணப்பத்தில் கடைசித் தேதியை விண்ணப்பிப்பவர் நிரப்ப மாட்டார். அது அறிவிப்பு கொடுப்பவர் வைப்பது.

என் மகளுக்கு யாரோ தேதி வைத்திருக்கிறார்கள்.

18, வெள்ளிக்கிழமை. நூலகத்துக்கு விடுமுறை. காலையில் ஷ்ரேயா இடது கையை நீட்டினாள். மணிக்கட்டில் நான்கு விரல் தடம். சிவப்பாக.

"தூக்கத்துல எங்கயோ இடிச்சிண்டிருக்கேன் போல, அப்பா."

இடித்தால் விரல் தடம் விழாது.

ஜூலை 19. "இன்னிக்கு வெளில எங்கயும் போகாதே" என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். நாள் முழுக்க ஒன்றே ஒன்று மண்டையைக் குடைந்தது. ஏன் 7.25? எங்கள் நூலகத்தில் எல்லாமே 7.30தான். கடைசி வரை இருப்பவர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 7.30 என்றுதான் எழுதுவார்கள். அப்படியானால் பதிவேட்டில் யாராவது 7.25 என்று எழுதியிருக்கிறார்களா?

மாலை 7.05க்குப் பதிவேட்டை எடுத்தேன். பின்னோக்கிப் புரட்டினேன். 7.30, 7.30, 7.30...

ஜூன் 26. சுந்தரவல்லி, சிந்தாதிரிப்பேட்டை. கணினி 3. வந்த நேரம் 6.40. போன நேரம் 7.25. அடியில் பேனாவால் இரண்டு கோடு. தாள் கிழியும் அளவுக்கு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அன்று மழை. அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒன்பது பக்கப் படிவம். எட்டு மணிக்குத் தளம் மூடும். நான் மெயின் பக்கம் போனதும் எழுந்தாள்.

"சார், சார்! ரெண்டே நிமிசம் சார். சப்மிட் அமுக்கினு போய்ட்றேன்."

"மணி ஆயிடுத்தும்மா."

"இன்னா சார், ஏழு இருவத்தஞ்சுதான ஆவுது. என் போன பாரு."

"இங்க இந்தக் கடிகாரம்தாம்மா மணி."

அணைத்தேன். ஒன்பது பக்கமும் போயிற்று. அவள் கத்தவில்லை. பதிவேட்டில் எழுதிவிட்டு, வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"என் அஞ்சு நிமிசத்த நீ எடுத்துக்கின இல்ல? நான் வந்து வாங்கிக்கிறேன் சார்."

மூடும் நேரத்தில் தினமும் யாராவது சண்டை போடுவார்கள். நான் மறந்துவிட்டேன். ஆனால் அவள் சொன்னது சரி. அந்தக் கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தது நான்தான். ஏழரை என்றால் வாசகர்கள் கிளம்ப ஏழே முக்கால் ஆகிவிடும். கடிகாரம் கொஞ்சம் முன்னால் ஓடினால் நேரத்துக்கு வீடு போகலாம். வைத்து மூன்று வருடம். நாளடைவில் அதுவே என் மணியாகிவிட்டது.

அப்படியானால் திரை எரிந்தது 7.30 முதல் 7.35 வரை அல்ல. 7.25 முதல் 7.30 வரை.

கைபேசி அடித்தது. அதில் மணி 7.23. ஷ்ரேயா.

"அப்பா..."

"எங்கடி இருக்கே?"

"லஸ் கார்னர்ல. நோட்ஸ் வாங்க வந்தேன். அப்பா, ஒருத்தி என் பின்னாடியே வந்துண்டிருக்கா."

"யாரு?"

"தெரியலை. தொப்பலா நனைஞ்சிருக்கா... மழையே இல்லையே அப்பா..."

"கடைக்குள்ள போ! ஓடு!"

"கையப் பிடிச்சுட்..."

துண்டித்துப்போனது.

7.24.

ஸ்டூலை இழுத்தேன். ஏறினேன். கடிகாரம் 7.29 காட்டியது. கழற்ற முயன்றேன். ஆணியை விட்டு வரவில்லை. கண்ணாடி மூடியைப் பிய்த்தேன்.

பின்னால்... டக்.

மூன்றாம் எண் விசைப்பலகை.

டக். டக். டக்.

"சார்... அந்த நாற்காலி..." வெள்ளைச்சாமியின் குரல்.

நான் திரும்பவில்லை.

முள்ளை விரலால் தள்ளினேன். 7.28.

கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. குளிர்ந்த நீர்.

7.27.

ஸ்டூல் ஆடியது.

7.26.

மணிக்கட்டில் விரல்கள். ஈரமாக. நான்கு.

7.25... 7.24.

"மணி ஆகலை" என்று கத்தினேன். "உட்காரும்மா. உனக்கு இன்னும் நேரம் இருக்கு. முடிச்சுட்டுப் போ."

பிடி தளர்ந்தது.

டக். டக். டக். டக்.

மெயினை நான் தொடவில்லை. படித்துக்கொண்டிருந்த ஆறு பேரும் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை. அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லையாம். பிறகு விசாரித்தேன்.

7.30. ஒரே ஒரு க்ளிக்.

அமைதி.

கைபேசி அடித்தது. "விட்டுட்டா அப்பா" என்று அழுதாள் ஷ்ரேயா. "ரோட்டு நடுவுல கொண்டுபோய் நிறுத்திட்டா. பஸ் வந்துண்டிருந்தது. சட்டுனு விட்டுட்டா."

மறுநாள் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன். உறுப்பினர் படிவத்தில் முகவரி இருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவளுடைய தங்கை மீனாட்சி கதவைத் திறந்தாள். உள்ளே மாலை போட்ட சுந்தரவல்லியின் படம். ஜூன் 26 அன்று என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அன்னிக்கு மழைல ஓடி வேற நெட் கடைல மொதல்லேர்ந்து போட்டுச்சு சார். முடிக்கறதுக்குள்ள எட்டு மணிக்கு சைட்டு மூடிட்சு. அதான் கடைசி சான்ஸு, வயசு தாண்டிப்போச்சு. யார்கிட்டயும் பேசல. பத்து நாள் கழிச்சு, ஜூலை ஆறாந்தேதி, ரோட்ட தாண்ட சொல்ல பஸ் இட்ச்சிட்சு. மழை வேற."

"எத்தனை மணிக்கு?"

"ஏழு இருவத்தஞ்சு."

கையிலிருந்த உறுப்பினர் படிவத்தை அவளிடம் நீட்டினேன்.

"நீ லைப்ரரி சாரா?" என்றாள். உள்ளே போய் ஒரு கைபேசியைக் கொண்டுவந்தாள். "அக்கா போனு. சிம்ம கழட்டிட்டோம். ஆனா எட்டாந்தேதிலேர்ந்து ஏழு இருவத்தஞ்சுக்கு ஓடிபி வருது சார். அதே ஃபார்முக்கு. நாங்க யாரும் எதுவும் போடல. நேத்து மட்டும் ஏழரைக்கு ஒண்ணு வந்துச்சு. இன்னான்னு பாரேன்."

பார்த்தேன். ஒரே வரி. விண்ணப்பம் பெறப்பட்டது.

சிம் இல்லாத போனுக்குச் செய்தி எப்படி வரும் என்பதை நான் பலரிடம் கேட்டுவிட்டேன். வராது என்கிறார்கள்.

திரை எரிவதை நிறுத்திய வழி இதுதான்: சுவர்க் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு வைத்தேன். மெயினை உண்மையான ஏழரைக்கு அணைக்கிறேன். நான்கு திரையும் உடனே அணைந்துவிடுகின்றன.