சிவப்புக்குக் கீழே சாம்பல்

அன்று நான் முதலில் கவனித்தது காதர் அண்ணனின் வெறுங்காலைத்தான். பக்கத்து டெலிபோன் பூத்காரர். செருப்பில்லாமல் தெருவில் இறங்காதவர். எங்கள் கடைப் படியில் நின்று, "நசீமாக்கா மவுத்தாயிட்டாங்க" என்றார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. துடைத்துக்கொண்டிருந்த பேரிங்கை நான் மேலும் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

செங்கல்பட்டில் டிராக்டருக்கு உதிரிபாகம் வாங்கிய உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். அவர் வாயையும் தெரியும். புதிதாக வருகிறவரிடம் பெயர் கேட்க மாட்டார். "வண்டிக்கு இன்னா ஊரு, இன்னா வயசு?" என்றுதான் கேட்பார்.

வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. எட்டாவதோடு நின்றுவிட்டு அவர் கடையில் சாமான் துடைக்க வந்தேன். "உன் வாய்க்கு இன்னா ஷட்டரா போட்டுகீது? தெறந்துதான் வெய்யேன், காத்தாவது வரட்டும்" என்பார் அக்கா.

அதற்கு முந்தின வாரம்தான் திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து ஏழுமலை அண்ணன் ஒரு பழைய டிராக்டரைக் கட்டி இழுத்துவந்தார். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த வண்டி என்று அவருடைய அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். ஊரில் யாரும் நம்பவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் அறுபத்தாறு என்று இருக்கிறது, இங்கேயே செய்த வண்டிதான் என்று சிரித்தார்கள்.

"டீக்கடைல உக்கார முடியலக்கா. 'இன்னாபா, உங்கப்பன் கப்பல் வந்துச்சா'ன்றானுங்க. பொய்யின்னா சொல்லிடு. காயலான் கடைல போட்டுட்டு நிம்மதியா கீறேன்."

அக்கா ஒரு ரூபாய்க் காசால் மட்கார்டைச் சுரண்டினார். சிவப்பு. அதன் கீழே நீலம். அதற்கும் கீழே சாம்பல்.

"பெயிண்ட பாத்து ஊரு சொல்லாத" என்றார். "புக்குல கீறது இங்க பேர் எழுதின வருசம். பொறந்த வருசமா அது? தோ, இவளக் கேளு. ஹெட்மாஸ்டர் குடுத்த பொறந்த நாளு ஜூன் ஒண்ணு. இவங்கம்மா பெத்தது ஐப்பசி மழைல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

எஞ்சினை எப்போதோ மாற்றியிருந்தார்கள்; அதை நம்பக் கூடாது என்றார் அக்கா. ஆனால் பின்சக்கரங்களைத் தாங்கும் பின்னச்சுப் பெட்டியை அவ்வளவு சுலபமாக யாரும் மாற்ற மாட்டார்கள். இரும்பை வார்க்கும்போதே ஊரும் வருடமும் அதில் புடைத்து நிற்கும். ஆனால் அந்த இடத்தில் கிரீஸும் சேறும் கல்லாக இறுகியிருந்தன. "திங்கக்கெழம சொரண்டலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார்.

அக்கா வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். உட்கார முடியவில்லை. எழுந்தேன், மறுபடியும் உட்கார்ந்தேன். அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் வீட்டுக்குப் போகாமல் கடைக்கும் பூத்துக்குமாக நடந்தேன். அடுத்த நாளும் அப்படியே. கடை மூடிக் கிடந்தது. பின்னால் வண்டி நின்றது. போய்ப் பார்ப்பேன், திரும்பி வருவேன்.

புதன்கிழமை ஏழுமலை அண்ணன் காயலான் கடை லாரியோடு வந்தார். "அக்காவே பூடுச்சு. இனிமே யாரு சொல்லப் போறா?" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அவருடைய கம்பி பிரஷ் ஒன்றுதான். பிடி தேய்ந்து, அவருடைய கட்டைவிரல் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. என் விரல் இன்னும் அதில் சரியாகப் படியவில்லை. அதையும் மண்ணெண்ணெய் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தேன்.

"ஏம்மா, இன்னா பண்ணினு கீற? வெளிய வா!" என்று லாரி டிரைவர் கத்தினார்.

தேய்த்தேன். சேறு பாளமாகப் பெயர்ந்து கழுத்தில் விழுந்தது. மறுபடியும் தேய்த்தேன். எழுத்துகள் மேலே வந்தன. வெளியே தெரிந்த அவர்களுடைய கால்களைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, உரக்க வாசித்தேன்:

"இ, என், ஜி, எல், ஏ, என், டி. நாலு, ஒம்போது."