பாரத்தைக் குறைத்த கதை

நேற்று மகளின் சைக்கிளுக்குக் காற்றடித்தேன். பம்பின் அடி சுட்டது. உள்ளே காற்றை அடைக்கும் தோல் வாசருக்குப் போட்ட தேங்காய் எண்ணெய் மணத்தது. உடனே எங்கள் ஊர் உரும்பிராயும் நேசனும் ஞாபகத்துக்கு வந்தன. என் மூக்குக்கு இருக்கிற ஞாபகசக்தி சோதினை நாட்களில் மூளைக்கு இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

நேசன் என் வகுப்புத் தோழன். உயர்தரச் சோதினையில் இரண்டு தரம் தவறி, தொண்ணூற்றைந்தில் மூன்றாவதும் கடைசியுமான தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தான். நான் அதற்குள் பல்கலைக்கழகம் போய்விட்டேன். அந்தத் திமிர் என்னிடம் தாராளமாக இருந்தது. நான்தான் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன்; வாயு மெதுவாக விரியும்போதுதான் கூடுதல் வேலை செய்யும் என்பது அவனுக்குப் பிடிபடவே இல்லை.

பம்பை நிமிர்த்தி, குழாய் வாயை விரலால் அடைத்து, பிடியின் மேல் மணல் நிரப்பிய பால்மாத் தகரப் பேணியை வைத்தேன். பேணியை ஒரேயடியாகத் தூக்கினால் பிடி துள்ளி எழும்பும். தள்ளுவதற்குப் பாரமே இல்லை. மணலைச் சிட்டிகை சிட்டிகையாக எடுத்தால், காற்று தன்னால் இயன்ற பாரத்தைக் கடைசிவரை தள்ளிக்கொண்டே விரியும்.

"எடுத்த மண்ணைத் திருப்பிப் போட்டால்?" என்றான்.

"வந்த வழியாலையே திரும்பிப் போகும். அதுதான் மீளக்கூடிய விரிவு."

உடனே பாடக் கொப்பியை எடுத்துப் படம் கீறினான்.

அந்த ஐப்பசியில் சண்டை நெருங்கி, ஊர் முழுவதும் ஒரே நாளில் வீடுகளை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தது. நேசன் கொப்பிக்கட்டைச் சைக்கிள் கரியரில் கட்டினான். அதை அவிழ்த்தவன் நான்தான்.

"பாரத்தைக் குறை மச்சான். அரிசியை வை. நாலு நாளிலை திரும்பிடுவம்."

"உண்மையாத்தான் சொல்லுறியோ?"

"ஓம்."

கொப்பிகளைப் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டினான்.

மழையில், சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்தோம். ஓரடி வைப்பதற்குள் கால் மரத்துப் போனது. முன்னால் போன நேசன் திரும்பிப் பார்த்து, "இவ்வளவு மெல்லப் போறம். அப்ப திரும்பலாம்தானே?" என்றான். பகிடிக்குத்தான் சொன்னான். எனக்குப் பயம்தான் வந்தது.

அவன் தாயோடு வன்னிக்குப் போனான். நான் அடுத்த சித்திரையில் ஊர் திரும்பினேன். அவன் வீட்டுக்குக் கூரை இல்லை. பெட்டகம் இருந்தது, கொப்பிகளும் இருந்தன. வன்னிக்கு அனுப்பத்தான் வழியில்லை; பாதை பூட்டிக் கிடந்தது. யார் யாரோ கைமாற்றி நேசனின் கடிதம் ஒன்று வந்தது: கொப்பி ஒன்றும் இல்லாமல் சோதினை எழுதித் தவறிவிட்டேன் என்று. என்னைக் குறைசொல்லி அதில் ஒரு வரிகூட இல்லை. திட்டியிருக்கலாம். அதன் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

இப்போது அந்த வீடும் இல்லை, பெட்டகமும் இல்லை. அவன் அன்று படம் கீறிய கொப்பி மட்டும் என்னிடம் இருக்கிறது. பம்பின் மேல் பேணி, பேணிக்குள் புள்ளி புள்ளியாக மணல். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறான்: "திருப்பிப் போட்டால் வரும். மச்சான் சொன்னவன்."