சாவி கேட்ட வெள்ளைக்காரி

நான் இரண்டாம் வகுப்பு படிக்கையில், தேயிலை மலையில் மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு சின்னத் தங்கும் விடுதியில் அம்மாவுக்கு அறை கூட்டும் வேலை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் கூடப் போய்விடுவேன்.

ஒருநாள் காலை, பிரேசிலிலிருந்து வந்து தங்கியிருந்த பெண் முற்றத்துக்கு ஓடி வந்தாள். காற்றில் அவள் அறைக் கதவு அடித்து, தானே பூட்டிக்கொண்டுவிட்டது. நடக்கப் பழகியிருந்த மகன் உள்ளே. கைபேசியும் உள்ளே. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பையன் நாற்காலியில் ஏறி, மேசைமேல் ஆவி பறக்கக் கொதித்த கெட்டிலை நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருந்தான்.

பதற்றத்தில் அவளுக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷும் மறந்துபோயிற்று. “ஷாவி! ஷாவி!” என்று கதறினாள். அடுக்களையில் இருந்த விடுதிக்காரச் சேட்டன் மலையாளி. அவர் காதில் அது வேறாக விழுந்தது.

“சாயா இப்போ தராம்” என்று தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார்.

எனக்கோ தெளிவாகவே கேட்டது. “சாவி, சாவி” என்று நானும் கத்திக்கொண்டே மொட்டைமாடிக்கு ஓடினேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, மடியிலிருந்த சாவிக்கொத்தோடு படியிறங்கி வந்து கதவைத் திறந்தாள். பையன் கையில் கெட்டிலின் வயர் இருந்தது. அம்மா அவனை அப்படியே வாரி எடுத்துவிட்டாள்.

“அவுக தமிழ்லதாம்மா கேட்டாக” என்றேன் பெருமையாக.

“ஏட்டி, வெள்ளைக்காரிக்கு ஏது தமிழு?”

நான் நம்பவில்லை. லத்தீனில் சாவிக்கு ‘க்ளாவிஸ்’ என்றிருந்த சொல்தான் இத்தாலியில் ‘கியாவே’, ஸ்பெயினில் ‘யாவே’, போர்ச்சுக்கீசியர் வாயில் ‘ஷாவி’ என்றானது என்பதும், அவர்களோடு கப்பலேறி அது ஒருபக்கம் பிரேசிலுக்கும் மறுபக்கம் நமக்கும் வந்தது என்பதும், ஜன்னலும் மேசையும்கூட அப்படி வந்தவைதான் என்பதும் வெகுகாலம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டவை. படித்த அன்று எனக்கு உறக்கமே வரவில்லை.

அன்றைக்கு அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கன்னத்தைப் பிடித்து அவள் மொழியில் என்னென்னவோ கேட்டுவிட்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்தாள்.

“உங்களுக்கு எந்த எஸ்டேட்டு?” என்று நான் கேட்டேன்.

 இவ்வளவு நல்லாத் தமிழ் தெரிந்தவள் என்னிடம் பேசமாட்டேன் என்கிறாளே என்று எனக்கு ஒரே வருத்தம். தன் பாஷை பேசும் பிள்ளை ஒன்று இந்த மலையில் கிடைத்துவிட்டதென்று அவளும் நினைத்திருப்பாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.