கையெழுத்துக்காகக் காத்திருந்த மகள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை. புதுச்சத்திரம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த என் மகள், பள்ளிக் கால்பந்து அணியில் கோல்கீப்பர். அன்று சேலத்தில் அவர்களுக்கு இறுதி ஆட்டம். அதே நாள் திருச்செங்கோட்டில் என் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டுச் சீர்.

"மாமன் ஊட்டுச் சீருக்கு நீ இல்லாம நான் மட்டும் போய் நின்னா நல்லாவா இருக்கும்? பந்தாட்டம் அடுத்த வருசமும் வரும்" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஒரு தடவையாவது வந்து பாரும்மா என்று ஒரு மாதமாகக் கேட்டவள், நான் பட்டுப்புடவையை எடுத்து வைத்ததைப் பார்த்ததும் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மண்டபத்தில் மேளச்சத்தம், தட்டு வரிசை, போட்டோ, பந்தி. என் செல்போன் அறையில் பூட்டிய பைக்குள், அவருடையது காரில். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பி.டி. டீச்சர் பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறார். பந்தைத் தடுக்கப் பாய்ந்தவள் கோல் கம்பத்தில் மோதி, முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து வெளியே வந்துவிட்டதாம். பெற்றவர்கள் கையெழுத்துக்காக ஆபரேஷன் நிற்கிறதாம்.

காலையில் அடிபட்டவளைப் பார்க்க நாங்கள் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம் நாலு மணி. கட்டிலோரம் முன்பின் தெரியாத ஒரு அம்மா, வாந்தி பட்ட புடவையோடு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரணியில் ஆடிய பெண்ணின் தாய். தன் மகள் கோப்பை வாங்குவதைக்கூடப் பார்க்காமல் ஆம்புலன்சில் ஏறி வந்திருக்கிறார்.

"சொந்தக்காரங்களைத்தான் உள்ள உடுவோம்னாங்க. புள்ள அழுதுச்சு. அதான் நாந்தான் அம்மான்னு பொய் சொல்லிட்டேனுங்க. கையெழுத்துக் கேட்டப்பத்தான் நெசத்தைச் சொல்ல வேண்டியதாப் போச்சு. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.

நகையும் பூவுமாக நான் நின்ற கோலம் எனக்கே அருவருப்பாக இருந்தது. மகள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"சீரு நல்லபடியா முடிஞ்சுதாம்மா?" என்றுதான் கேட்டாள்.

காயத்தில் சீழ் வைத்து, மேலும் இரண்டு ஆபரேஷன் ஆனது. தாமதமானதுதான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். "இனிமே ஆக வேண்டியதைப் பார்ப்போம்மா" என்றார். இப்போது காலேஜுக்குப் போகிறாள். நடப்பாள், ஓட முடியாது. என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. கால்பந்துப் பேச்சையே எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

நான் மைதானத்தில் இருந்திருந்தாலும் அந்த எலும்பு உடைந்துதான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். ஆனால் வலியில் துடித்த என் மகளுக்கு அம்மாவாக இருக்க யாரோ ஒருத்தர் பொய் சொல்ல வேண்டியிருந்தது என்ற நினைப்பு வந்தால், அந்தத் தேறுதல் ஒரு நிமிஷம்கூட நிற்பதில்லை.