கால் கழுவ இடமில்லாத கிணறு

என் வீட்டுக்காரருக்கு முதலில் கணுக்காலில் ஒரு கொப்புளம் வந்தது. நெருப்புப் பட்டதுபோல் எரிகிறது என்றார். சித்திரை உழவு நடந்துகொண்டிருந்தது, படுக்க ஏது நேரம்? கொப்புளம் உடைந்து வெள்ளை நூல்போல் ஒன்று எட்டிப் பார்த்தது. நரம்புச் சிலந்தி (குடிதண்ணீரோடு உள்ளே போய்த் தோலைத் துளைத்து வெளிவரும் புழு). இண்டூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கோடையில் வீட்டுக்கு ஒருவர் இப்படிப் படுப்பார்.

அதைக் குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். உங்களுக்கு வந்தாலும் அவசரப்படாதீர்கள். இந்த மனுஷனுக்குப் பொறுமை ஏது? ஒரே இழுப்பாக இழுத்தார். பாதியில் அறுந்து, கால் சீழ் பிடித்தது. வண்டி கட்டித் தருமபுரிக்குக் கொண்டுபோனபோது வாயைத் திறக்க முடியவில்லை.

"தனுர்வாதம்மா" என்றார் டாக்டர் (புண் வழியாக விஷம் ஏறி உடம்பை வில்லாக வளைக்கும் ஜன்னி). அவர் பிழைக்கவில்லை.

சுகாதார இன்ஸ்பெக்டர் முன்பே தமுக்கடித்துச் சொன்னவர்தான். நாங்கள் இறங்கிக் குடிதண்ணீர் மொள்ளும் படிக்கிணற்றில் புண்ணுள்ள கால் பட்டால் புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் இறங்கும் என்றார். சுற்றுச்சுவர் வைத்து ராட்டினக் கிணறும் கட்டித் தந்தார். ஒருத்தியும் போகவில்லை. புத்தி கெட்ட ஜனங்கள் என்று திட்டிவிட்டுப் போனார்.

காரியம் முடிந்தபின் துக்கம் கேட்க வந்தார். இந்த முறை திட்டவில்லை.

"ஏம்மா, புதுக் கெணத்துக்கு ஏன் யாரும் வர மாட்டேங்கறீங்க?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. "அங்க கால் கழுவ எடம் எங்கீங்க இருக்குது? கழுவாத காலோட கொடத்தத் தூக்கிக்கிட்டு வூட்டுக்குள்ள எப்படீங்க போறது?"

அவர் எழுந்து போய்ப் புதுக் கிணற்றடியைச் சுற்றிப் பார்த்தார். சுத்தம் என்று நாங்கள் படியில் நின்று கழுவிய கால்தான் எங்களுக்கு எமனாக இருந்திருக்கிறது. ராட்டினக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு கல்மேடையும் சாக்கடையும் போட்டார்கள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். இவ்வளவுதானா? ஒரு வார்த்தை முன்பே கேட்டிருந்தால் என்ன?

மறு பங்குனியில் என் காலிலும் கொப்புளம் வந்தது. "கெணறு மாறியும் எப்படீங்க வந்துது?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"குடிச்ச தண்ணி புழுவாகி வெளிய வர ஒரு வருசம் ஆகும்மா. இது போன வருசத்துத் தண்ணி."

போன பங்குனியில் அவர் இருந்தார். ஏர் ஓட்டிவிட்டு வந்து, நான் குடிக்கிற செம்பையே பிடுங்கிக் குடிப்பார்.

டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினேன். எரிச்சலில் உயிர் போயிற்று. ஆனால் அது முழுதாக வெளியே வந்த அன்றுதான் வாய்விட்டு அழுதேன். அவரோடு குடித்த தண்ணீர் என் உடம்பில் இனி இல்லை.